தோற்றுப்போன பாடமா ‘மாஜினோ கோடு’? கோட்டை கட்டிய காயம்பட்ட சிப்பாயின் கதை!

எதிரி வராத வாசலுக்கு மட்டும் பெரிய பூட்டு போடுவதை, உலகம் முழுக்க ‘மாஜினோ கோடு’ என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பிரான்ஸ் அரசியல்வாதி ஆந்த்ரே மாஜினோ. பழைய போரிலிருந்து பாடம் படிப்பது எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு இவர் வாழ்க்கையே உதாரணம்.

யார் இந்த மாஜினோ?

1877-ல் பாரிஸில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம், ஜெர்மனி எல்லையை ஒட்டிய லொரேன் பகுதி. 1910-ல் எம்.பி ஆனார். 1913-ல் போர்த் துறையில் துணை அமைச்சர் பொறுப்பு. 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும், சாதாரண சிப்பாயாகக் களத்துக்குப் போய்விட்டார்! சார்ஜென்ட்டாக உயர்ந்தவருக்கு அந்த நவம்பரில் வெர்டன் அருகே காலில் பலத்த காயம். அதன் பிறகு கடைசிவரை கையில் ஊன்றுகோல்தான்.

பிரான்ஸ் கற்ற பாடம் என்ன?

அந்தப் போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்தது. 4 கோடிப் பேர் கொண்ட நாட்டுக்கு எதிரே 6 கோடிக்கும் அதிகமானோர் கொண்ட ஜெர்மனி. போர்க்காலத்தில் குழந்தைப் பிறப்பு குறைந்ததால், 1935 வாக்கில் படையில் சேர இளைஞர்களே போதுமான அளவில் இருக்க மாட்டார்கள் என்ற கவலை வேறு.

வெர்டனில் கான்கிரீட் கோட்டைகள் குண்டு மழையைத் தாங்கியதை ராணுவம் பார்த்திருந்தது. ஆகவே, ஆளுக்குப் பதில் கான்கிரீட்!

திட்டம் மாஜினோவுடையது அல்ல. அவருக்கு முன் போர் அமைச்சராக இருந்த பான்லெவே காலத்திலேயே வேலை தொடங்கியது. ஆனா, 1930 ஜனவரியில் சுமார் 290 கோடி பிராங்க் நிதிக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலை வாங்கிக் கொடுத்தவர் மாஜினோ. பூமிக்கடியில் ரயில், மின்நிலையம், படுக்கை அறைகள் என வேலை மும்முரமாக நடந்தபோதே, 1932 ஜனவரி 7-ல் டைபாய்டு காய்ச்சலால் இறந்துபோனார். வயது 54.

அப்போ, தப்பு எங்கே?

1940 மே மாதம் ஜெர்மன் டாங்கிகள் ஆர்டென் காடு வழியாக வந்தன. மே 13-ல் ஜெர்மன் படைகள் செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்தன. ஜூன் 22-ல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது.

கோட்டைகள் உடைந்ததால் வந்த தோல்வி இல்லை இது. முக்கியமான பெரிய கோட்டைகள் போர்நிறுத்தம் வரை தாக்குப்பிடித்தன. எதிரியை பெல்ஜியம் பக்கம் திருப்பிவிட்டு, அங்கே சிறந்த படையோடு மோதுவதுதான் பிரான்ஸின் கணக்கு. அந்தப் படை பெல்ஜியத்துக்குள் போனது. ஜெர்மனியோ இடையில் புகுந்தது. காட்டைக் கடக்க எதிரிக்கு நிறைய நாள் ஆகும் என்று 1918-ன் வேகத்தில் கணக்கு போட்டதுதான் சறுக்கல்.

ஜெர்மனியும் அதே போரைத்தான் படித்தது. போர் முடிந்த கையோடு தளபதி சீக்ட், நூற்றுக்கணக்கான அதிகாரிகளை அந்த ஆய்வில் இறக்கினார். இழப்பைக் குறைப்பது எப்படி என்று பிரான்ஸ் யோசித்தது. பதுங்குகுழியில் முடங்காமல் முன்னேறுவது எப்படி என்று ஜெர்மனி யோசித்தது.

1935-ல் வெர்டன் அருகே மாஜினோவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் அவர் அமைச்சராக இல்லை. சக வீரர்கள் தூக்கிச் செல்லும் காயம்பட்ட சிப்பாயாகவே இருக்கிறார்.