காந்தியைத் தேடி ஐரோப்பா சென்ற தமிழர்

கொடைக்கானல் மலைக்குப் பல வழிகள் உண்டு. பெரியகுளத்தில் இருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறும் பாதை அவற்றில் ஒன்று. கீழே மாந்தோப்பு, மேலே குளிர்!

மலை மேல் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களைக் காணலாம். 1845-ல் அங்கே முதலில் வீடு கட்டியவர்கள் அமெரிக்கப் பாதிரிமார்கள். 1863-ல் ஏரியை உண்டாக்கிய கலெக்டர் லெவிஞ்சு, ஐர்லாந்துக் குடும்பத்தில் வந்தவர். செண்பகனூரில் மடம் அமைத்த பாதிரிமார்களோ பிரெஞ்சுக்காரர்கள்.

நம் மக்களுக்கு எல்லோரும் ஒன்றுதான். எல்லோரும் "துரை"தான்!

ஆனால் ஐரோப்பா ஒரே நாடு அல்ல. பல வீடுகள் உள்ள ஒரு தெரு அது. அந்தத் தெருவில் வீடு வீடாகப் படி ஏறி இறங்கிய தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஏ.கே.செட்டியார்.

கப்பலில் பிறந்த எண்ணம்

செட்டியார் 1911-ம் ஆண்டு, செட்டிநாட்டில் உள்ள கோட்டையூரில் பிறந்தார். இளம் வயதிலேயே ரங்கூன் சென்று, "தனவணிகன்" பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார்.

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி. அன்று காந்தி பிறந்த நாள். நியூயார்க்கில் இருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் இருந்தார். காந்தியின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குப் பிறந்தது.

நடிகர்களை வைத்து எடுக்கும் படம் அல்ல. காந்தியை நேரில் எடுத்த படங்களைத் தேடிச் சேர்த்து, ஒரே படமாகத் தொகுக்க வேண்டும்!

சிதறிக் கிடந்த படங்கள்

1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி, பிரான்சில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கி லண்டன் சென்றார். திரும்பும்போது பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் நகரம் வழியாக வந்து, இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்தில் கப்பல் ஏறினார். போன இடம் எல்லாம் காமிராக்காரர்கள் சூழ்ந்தனர்.

அந்தப் படங்கள் ஒரே இடத்தில் இல்லை. நாட்டுக்கு ஒரு துண்டாகக் கிடந்தன. நாட்டுக்கு நாடு மொழி வேறு, பணம் வேறு, சட்டம் வேறு. செட்டியார் கையில் இருந்ததோ, அடிமை நாட்டில் பிறந்தவருக்கு ஆங்கில ஆட்சி கொடுத்த பாஸ்போர்ட்!

அவர் சோர்ந்துவிடவில்லை. ஐரோப்பாவோடு நிற்காமல், தென் ஆப்பிரிக்காவுக்கும் போனார். சுமார் 1 லட்சம் மைல் சுற்றி, 50 ஆயிரம் அடி நீளப் படங்களைச் சேர்த்தார்.

1940-ல் படம் தமிழ் விளக்கத்துடன் வெளிவந்தது. அதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது. இரண்டு ஆண்டு தாமதித்து இருந்தால், இந்தப் பயணமே நடந்திராது.

எல்லை அழிந்தது

போரில் பட்ட அடி ஐரோப்பியருக்குப் புத்தி புகட்டியது. 1957-ல் 6 நாடுகள் ரோமில் கூடி, பொதுச்சந்தை ஒப்பந்தம் செய்தன. பிறகு மற்ற நாடுகளும் சேர்ந்தன. அன்று எதிரிகளாக இருந்த பிரான்சும் ஜெர்மனியும் இன்று ஒரே பணத்தைப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுதான் பேசுகிறார். ஜெர்மானியர் ஜெர்மன்தான் பேசுகிறார். சொந்த மொழியை விடாமலும் சேர்ந்து வாழலாம் என்பதற்கு இது சாட்சி.

செட்டியாரும் அப்படித்தான். உலகம் எல்லாம் சுற்றினார், எழுதியது தமிழில். "உலகம் சுற்றும் தமிழன்", "ஐரோப்பா வழியாக" என்று பல பயண நூல்களைத் தந்தார். 1943-ல் இருந்து "குமரி மலர்" பத்திரிகையை நடத்தினார். 1983-ல் காலமானார்.

அவர் தொகுத்த தமிழ்ப் படத்தைப் பின்னாளில் தேடியபோது, முழுப் பிரதி கிடைக்கவில்லை. உலகம் எங்கும் தேடிச் சேர்த்தார் ஒரு தமிழர். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நாம் தவறிவிட்டோம்!