இன்பம் வற்றிய மன்ரேசா நாட்கள்



இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரை மனவுறுதி மிக்க தலைவராகவே நாம் அறிந்திருக்கிறோம். வாழவே பிடிக்காமல் அவர் தவித்த காலமும் உண்டு.

1491இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்த இஞ்ஞாசியார், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் மற்றவர்கள் சரணடைய எண்ணியபோதும் அவர் போரிடவே விரும்பினார். பீரங்கிக் குண்டு அவரது காலை முறித்தது. ஆறிய காலில் எலும்பு துருத்தி நின்றதால், அதை அறுத்தெடுக்கும் வேதனையைத் தாமே விரும்பி ஏற்றார்.

மனம் மாறிய பின் அந்தப் பிடிவாதம் தம்மீதே திரும்பியது. மொன்செராட் திருத்தலத்தில் மூன்று நாட்கள் எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். 1522இல் மன்ரேசாவில் நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். ஆயினும், எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. அதே பாவங்களை மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார். செபமும் திருப்பலியும் சுவையற்றுப் போயின. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. அது இறைவனுக்கு விரோதமானது என்று கதறி அதை விலக்கினார். ஒரு வாரம் உண்ணாதிருந்தார். ஒப்புரவு வழங்கிய குரு உண்ணும்படி கட்டளையிட, கீழ்ப்படிந்தார்.

இரண்டு நாள் அமைதிக்குப் பின் அச்சம் திரும்பியது. இந்த எண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று அப்போதுதான் சிந்தித்தார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என முடிவெடுத்தார். இறை இரக்கமே தம்மை விடுவித்தது என உணர்ந்தார். வெட்டாமல் விட்டிருந்த முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார்.

அவரது இயல்பு மாறவில்லை; அதே உறுதி பிறருக்குப் பயன்பட்டது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த அவரது ஆன்மீகப் பயிற்சிகள் நூலில், ஆறுதலற்ற வேளையில் முந்தைய நல்ல முடிவை மாற்றவேண்டாம், உள்ளத்தில் நடப்பதை மறைக்காமல் தக்கவரிடம் சொல்லுங்கள் என்று வழிகாட்டினார். சபைத் தலைவரான பின், துறவிகள் உடல்நலம் கெடத் தவம் செய்வதைத் தடுத்தார்.

எதிலும் குறையே இருக்கக்கூடாது என்று தம்மை வதைப்பவர்களும், எளிதில் கவலைப்படுபவர்களும் மனச்சோர்வுக்கு அதிகம் ஆளாகக்கூடும் என இன்றைய உளவியல் கூறுகிறது. அந்த இயல்பு பாவமல்ல. மனச்சோர்வு விசுவாசக் குறைவும் அல்ல. பிடித்த உணவும், பிள்ளைகளின் சிரிப்பும், செபமும் வாரக்கணக்கில் இன்பம் தராவிட்டால், நாம் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். குருவின் சொல் கேட்டு உணவருந்திய இஞ்ஞாசியாரின் தாழ்ச்சி அதுவே.

நம் பங்கில் இப்படித் தவிப்பவர்களுக்கு அறிவுரை கூறுமுன் செவிகொடுப்போம். புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.