சுகுமார் சென்: இந்தியாவின் முதல் தேர்தலில் கள்ள ஓட்டைத் தடுக்க இவர் செய்தது என்ன?

ஐரோலி பாலம் ஏறி மும்பைக்கு வேலைக்குப் போறவரா நீங்க? அப்படின்னா விக்ரோலி உங்களுக்குப் பழக்கமான இடம்தான். 1951இல், நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கான ஓட்டுப் பெட்டிகளில் லட்சக்கணக்கானவை அங்குள்ள கோத்ரெஜ் ஆலையில்தான் தயாராகின. அந்தத் தேர்தலை நடத்தியவர் சுகுமார் சென்.

யார் இவர்?

லண்டனில் கணிதம் படித்த வங்காளி. 1921இல் ஐசிஎஸ் பணியில் சேர்ந்தார். மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவரை 1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக நியமித்தார்கள். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோ நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான்.

மோசடியை எப்படித் தடுத்தார்?

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு இரும்புப் பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். திரைக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். சுமார் 20 லட்சம் பெட்டிகள், அதற்கு 8,200 டன் எஃகு. ஒரே ஆள் இரண்டு முறை ஓட்டுப் போடாமலிருக்க, விரலில் அழியாத மை. அதற்கு 3,89,816 மைக்குப்பிகள் செலவாகின.

28 லட்சம் பெண்கள் என்ன ஆனார்கள்?

அவருடைய கடினமான முடிவு இதுதான். வட மாநிலங்களில் பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்தார்கள். பெயரே இல்லாத பதிவை வைத்து யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாமே? சென் அந்தப் பதிவுகளை நீக்கச் சொன்னார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள். கள்ள ஓட்டுக்கு ஒரு வழி அடைந்தது. ஆனால் எந்தத் தப்பும் செய்யாதவர்களின் ஓட்டும் அதோடு போச்சு.

ஓட்டை எதுவும் இல்லையா?

இருந்தது. சீட்டில் வாக்காளர் எந்த அடையாளமும் போட வேண்டியதில்லை. அதனால் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடித்து வெளியே கொண்டுவந்து விற்க முடிந்தது. வாங்கியவரின் ஆள் உள்ளே போய் மொத்தமாகப் போட்டுவிடலாம். எல்லா வேட்பாளர் பெயரையும் ஒரே சீட்டில் அச்சடித்துத் தரும் முறை ஆஸ்திரேலியாவில் 1850களிலேயே வந்துவிட்டது. இங்கே 1962 தேர்தலில்தான், சீட்டில் முத்திரை குத்தும் முறை பெரும்பாலான தொகுதிகளுக்கு வந்தது. அதற்குள் சென் பதவியிலிருந்து போய்விட்டார்.

பிறகு?

1953இல் சூடானின் முதல் தேர்தலையும் இவர் தலைமையிலான ஆணையம்தான் நடத்தியது. 1957 தேர்தலுக்குப் பழைய பெட்டிகளையே மறுபடி பயன்படுத்தி கோடிக்கணக்கில் மிச்சப்படுத்தினார். விடுபட்ட பெண்களில் பெரும்பாலோர் அதற்குள் சொந்தப் பெயரில் பட்டியலுக்குள் வந்திருந்தார்கள். 1958 டிசம்பரில் ஓய்வு பெற்றவர், 1960இல் பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

பெட்டி போய் இயந்திரம் வந்தாச்சு. பட்டியலைச் சுத்தம் செய்யும்போது உண்மையான வாக்காளர் விடுபடாமல் இருப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. அதனால் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்காமல், உங்க வீட்டில் எல்லோருடைய பெயரும் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துடுங்க.