காரென் கார்ப்பெண்டர் அம்மையார்

'கார்ப்பெண்டர்ஸ்' என்னும் அமெரிக்க இசைக்குழுவினரை ராக் இசை விமர்சகர் பலர் நெடுங்காலம் வெறுஞ் சர்க்கரைப் பாகென இகழ்ந்தனர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். காரென் அம்மையாரின் வரலாற்றை அறிந்தபின் நாணினோம்.

அவர் 1950-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆந் தேதி நியூஹேவன் நகரிற் பிறந்தார். 1963-இல் குடும்பத்தார் கலிபோர்னியாவிலுள்ள டவுனியிற் குடியேறினர். அங்கே உடற்பயிற்சி வகுப்பினின்று தப்பும் பொருட்டே பள்ளியின் வாத்தியக் குழுவிற் சேர்ந்தார்! (மாணவராகிய எமக்கு இச்சூழ்ச்சி புதிதன்று.) முதலிற் கொடுத்த மணிக்கருவியை வெறுத்து, டிரம் வேண்டுமெனக் கேட்டு வாங்கினார். 1966-இல், பதினாறு வயதில், தமையனார் ரிச்சர்டு பியானோ வாசிக்கத் தாம் டிரம் முழக்கி, ஹாலிவுட் பௌல் அரங்கிற் போட்டியொன்றில் வென்றார்.

1970-இல் 'குளோஸ் டு யூ' என்னும் பாடல் அந்நாட்டில் முதலிடம் பெற்றது. ஆழ்ந்து தாழ்ந்த அக்குரலை மக்கள் காண விழைந்தனர்; டிரம்முக்குப் பின்னே அமர்ந்திருந்தவரை மேடையின் முன்னே நிறுத்தினர். தம்மைப் பாடவும் வல்ல டிரம் வாசிப்பவராகவே கருதிய அவர்க்கு இஃது உவப்பாயில்லை. பாடல்களிற் கேட்கும் பெருங்குழுக் குரலோ, உடன்பிறந்தார் இருவர்தம் குரல்களையே பன்முறை பதிந்து அடுக்கியது. இதனை எளிய வேலையென்று எவ்வாறு கூறினரோ, அறியோம்.

உணவை வெறுக்கும் கொடுநோயால் இதயம் நலிந்து, 1983 பிப்ரவரி 4-ஆந் தேதி, முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். 1994-இல் 'சோனிக் யூத்' முதலிய உரத்த ராக் குழுவினரே இவர்தம் பாடல்களைப் பாடி இசைத்தட்டொன்று வெளியிட்டனர். யாமோ 1969-ஆம் ஆண்டின் முதல் இசைத்தட்டையே மீண்டும் மீண்டும் கேட்கின்றோம். அதில் டிரம் முழக்கியவர் அம்மையாரே.