இராமானுஜனின் வரவு செலவு

சீனிவாச இராமானுஜன் என்றதும் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் எங்களுக்கு 1729 என்ற எண்தான் நினைவுக்கு வரும். நோயுற்றிருந்த அவரைப் பார்க்கச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தான் வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும் அது சுவையில்லாத எண் என்றும் சொன்னாராம். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று இராமானுஜன் உடனே மறுத்தாராம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் எழுத விரும்புவது வேறு சில எண்களைப் பற்றி. அவை 20, 30, 75, 250. அவருடைய வீட்டுக்கு வந்த பணத்தின் கணக்கு அது.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். பாடசாலையில் பரிசுகள் வாங்கிய மகனுக்குக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசில் கிடைத்தது. ஆனால் அவர் கணிதத்தைத் தவிர வேறு பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரீட்சையில் தவறி, புலமைப்பரிசிலையும் இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அதே கதைதான். பட்டம் இல்லாமலே 20 வயது கடந்தது. 1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. வேலை தேடி அலைந்த காலம் தொடங்கியது.

அந்நாளில் கடதாசி விலை அவருக்கு எட்டாதது. ஆகவே சிலேட்டில் கணக்குப் போட்டார். போட்டதை முழங்கையால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தும் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். நிறுவலுக்கும் புள்ளி உண்டு என்று எங்கள் ஆசிரியை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலேட்டுத்தான் நினைவுக்கு வரும். வறுமை ஒரு மனிதரின் சாப்பாட்டுத் தட்டில் மட்டுமல்ல, அவருடைய கணிதத்திலும் அடையாளம் வைத்துவிட்டது.

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். அந்தச் சம்பளத்தில் சென்னை போன்ற ஒரு நகரத்தில் தாய், மனைவியோடு குடித்தனம் நடத்தினார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதியபோது, தன்னை அறிமுகப்படுத்திய முதல் வரியிலேயே தான் ஓர் எழுதுவினைஞர் என்பதையும் ஆண்டுக்கு 20 பவுண் சம்பளம் என்பதையும் சொல்லிவிட்டார். அந்தக் கடிதம் வழி திறந்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் திகதி அவர் கப்பலேறினார். ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் இறங்கியபோது அவருக்கு வயது 26.

இனித்தான் 250 வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் என்று ஒதுக்கியது. ஒரு பவுணுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் பார்த்தால், அது மாதம் 300 ரூபாய்க்கு மேல். துறைமுகச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு. கும்பகோணத்தில் இருந்தவர்கள் அவரைப் பணக்காரர் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் ஊரில் இருப்பவர்கள் வருமானத்தை ரூபாயில் எண்ணுகிறார்கள். போனவரோ செலவை அந்த ஊர்க் காசில் செய்கிறார். அதோடு, 250இல் 50 பவுண் வரை அவர் கைக்கு வருமுன்பே பிரிக்கப்பட்டுத் தாயாருக்கு மாதாமாதம் போய்ச் சேர்ந்தது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண் கொடுத்தது. எளிமையாக வாழ்ந்த அவருக்குப் பணம் போதுமானதாகவே இருந்தது. போதாமல் போனவை வேறு.

முதலாவது குளிர். ஜனவரியில் நுவரெலியாவின் புல்லில் உறைபனி படியும். கம்பளிக்குள் எப்படிச் சுருண்டு படுப்பது என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இராமானுஜனுக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜில் அவரைப் பார்க்கப் போன மகலனோபிஸ் என்ற இந்திய மாணவர், அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக் கட்டிலில் தூங்குவதை அறிந்தார். கம்பளிகள் மெத்தையோடு மெத்தையாக அழகாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மகலனோபிஸ்தான் காட்டிக் கொடுத்தார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வெளியூரில் ஒருவருக்கு ஏற்படும் கஷ்டங்களில் பாதி இப்படிப்பட்டவைதான். பொருள் கட்டிலிலேயே இருக்கும், வழிதான் தெரியாது.

இரண்டாவது உணவு. அவர் கடுமையான சைவர். கல்லூரி மண்டபத்தில் எல்லோரோடும் இருந்து சாப்பிடவில்லை. தன் அறையில் தானே சமைத்தார். ஹலால் உணவு தேடி வெளிநாட்டில் அலைந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் பாரம் விளங்கும். புளியும் எண்ணெயும் ஊரிலிருந்து தபாலில் வந்தன. 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியதும் காய்கறி கிடைப்பது கடினமாயிற்று. கணக்கில் மூழ்கினால் நாளுக்கு ஒரு வேளை சமைப்பார், சில நேரம் அதுவும் இல்லை. ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்து இரசம் பரிமாறினார். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது விருந்தாளிகள் போதும் என்றார்கள். மனம் உடைந்து, யாருக்கும் சொல்லாமல் வெளியேறிவிட்டார். சில நாள் கழித்து ஒக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுண் கேட்டுத் தந்தி வந்தது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுபவருக்கு, தன் கையால் பரிமாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தத் தந்தி சொல்கிறது.

மூன்றாவது கடிதம். ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியாரின் கையைத் தாண்டிக் கணவரைச் சேரவில்லை என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். பணம் தவறாமல் வீட்டுக்கு வந்தது, ஆனால் அன்பு கடல் கடந்து போகவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு என் மூத்த நானாவின் ஞாபகம் வந்தது. அவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஓர் அறையில் ஆறு பேர். அவரிடம் ஒரு சின்னக் கணக்குக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் முதல் வரி வீட்டுக்கு அனுப்பிய தொகை. அறை வாடகையும் சாப்பாடும் அதற்குக் கீழேதான். உம்மா தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன் என்றே சொல்வார். போன நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது அவருடைய பழைய சேர்ட் தோளில் தளர்ந்து கிடந்தது. வாப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். எங்கள் ஊரில் நானாவைப் போன்றவர்கள் இல்லாத வீடு குறைவு. தோட்டத்து லயங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளும், வளைகுடாவுக்குப் போன தாய்மாரும் அப்படித்தான்.

இராமானுஜன் 1917இல் நோயில் விழுந்தார். வைத்தியர்கள் காசநோய் என்று கருதினார்கள். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒரு வைத்தியர் ஆராய்ந்து எழுதினார். மருத்துவமனை மருத்துவமனையாக மாறிக்கொண்டிருந்த நாட்களில்தான் பெருமைகளும் வந்தன. 1918 மே மாதம் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஒக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிவானார். சென்னைப் பல்கலைக்கழகம் ஊர் திரும்பிய பின்னும் ஆண்டுக்கு 250 பவுண் தருவதாக அறிவித்தது.

அதற்கு அவர் 1919 ஜனவரியில் அனுப்பிய பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. இந்தத் தொகை தன் தேவைக்கு மேற்பட்டது, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண் கொடுத்து, தன் அவசியச் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர்களினதும் அநாதைகளினதும் பாடசாலைக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டார். புலமைப்பரிசிலை இழந்து கல்லூரியை விட்டு வெளியேறிய பையன், கையில் காசு வந்ததும் நினைத்தது அந்தக் கட்டணத்தைத்தான்.

1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். படுக்கையிலும் கணிதம் எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில் காலமானார். வயது 32.

கணக்கில் கடைசியாக ஓர் எண் இருக்கிறது. அது மீண்டும் 20. விதவையான ஜானகிக்குப் பல்கலைக்கழகம் வழங்கிய மாத ஓய்வூதியம் 20 ரூபாய். கணவரைப் பெற்றவரின் கடைச் சம்பளமும் அதுதானே. அது போதாமல் ஜானகி தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்துத் தன் காலில் நின்றார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். 1994 வரை வாழ்ந்தார். மேதையின் பெயர் உலகெங்கும் பரவியிருந்தபோது அவருடைய வீட்டு அடுப்பு தையல் இயந்திரத்தால்தான் எரிந்தது. இந்தப் பகுதியை நம் கல்லூரி மாணவிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கையில் ஒரு தொழில் இருப்பது யாருடைய புகழையும் விட உறுதியானது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வெளியூரிலிருந்து பிள்ளையின் அழைப்பு வரும்போது, காசு வந்து சேர்ந்தது என்று சொல்லுமுன் இன்று என்ன சமைத்தாய் என்று கேளுங்கள். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிடலாம். என்ன சமைத்தாய் என்பதற்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.