ஹம்போல்டும் இமயமும்

வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடுவோர் நெடுங்காலம் கையாண்ட சரக்குகளுள் ஆவாரம்பட்டை சமவெளிக்குரியது, கடுக்காய் மலைச்சரிவுக்குரியது. ஏலகிரியில் ஏறுவோர் முட்புதர் குறைந்து மரங்கள் மிகுவதைக் காணலாம். உயரத்திற்கேற்ப உயிரினங்கள் மாறும் இவ்வுண்மையை உலகம் வியக்க வரைந்து காட்டியவர் அலெக்ஸாண்டர் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர்.

1769-ல் பெர்லினில் பிறந்த அவர், 1799-ல் பிரெஞ்சுத் தாவர அறிஞர் போன்பிளானுடன் தென்னமெரிக்கா புறப்பட்டார். 1802 ஜூன் 23-ல் ஆண்டீஸ் மலைத்தொடரின் சிம்பொராசோவில் சுமார் 19,000 அடி வரை ஏறினார். பெரும் பிளவொன்று குறுக்கிட்டு உச்சியைத் தடுத்தது. செல்லுமிடமெல்லாம் காற்றழுத்தமும் வெப்பமும் அளந்து, எச்செடி எவ்வுயரத்தில் வளர்கிறதென்று குறித்தார். கீழே பனையும் வாழையும், மேலே ஓக் மரம், அதன்மேல் புல், பிறகு பாறைப்பாசி, கடைசியில் வெறும் பனி: இவையனைத்தையும் ஒரே படத்தில் அடக்கி 1807-ல் வெளியிட்டார்.

இமயத்தையும் அவ்வாறே அளக்க விழைந்து, 1814 முதல் லண்டன் சென்று பன்முறை முயன்றார். கிழக்கிந்தியக் கும்பினியார் இசையவில்லை. ஸ்பானிய ஆட்சியின் கொடுமைகளையும் அடிமை வாணிகத்தையும் கண்டித்தெழுதிய பேனா இந்தியாவுக்குள் நுழைவதை அவர்கள் அஞ்சினர் என்றே நாம் கருதுகிறோம். அறிவுக்குச் சுங்கச்சாவடி வைத்த வர்த்தகர் அவர்கள்! இமயத்தைக் காணாமலே 1859-ல் அவர் காலமானார்.

மேலேற ஏற இனங்கள் குறையும் என்று அவர் கண்டார். இடைச்சரிவிலேயே இனங்கள் மிகுந்த மலைகளும் பலவுண்டென்று பின்வந்தோர் அறிந்தனர். அவருடைய குறிப்புகளுடன் ஒப்பிட்டவர்கள், உலகம் வெப்பமடைந்து வருவதால் ஆண்டீஸ் செடிகள் மேல்நோக்கி நகர்ந்திருப்பதையும் கண்டனர். சுமார் 1,100 மீட்டர் உயரமே உள்ள ஏலகிரியின் மேட்டுநிலச் செடிகளுக்கு அவ்விதம் ஏறிச்செல்ல அதிக இடமில்லை.