42-ஆம் இடத்து மாணவன்



நெப்போலியன் என்றதும் குதிரைமேல் அமர்ந்த மாவீரர்தான் நம் கண்முன் நிற்பார். அவரும் ஒரு காலத்தில் மொழி தெரியாமல் கேலிக்கு ஆளான பிள்ளைதான். உபகாரச் சம்பளத்தில் படித்த மாணவன்தான். அந்தப் பள்ளிக்கூட வாழ்க்கையைத்தான் இங்கே சொல்கிறேன்.

நெப்போலியன் 1769-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், கோர்சிகாத் தீவில் அஜாக்சியோ என்னும் ஊரில் பிறந்தார். அந்தத் தீவு அப்போதுதான் பிரான்சின் கைக்குப் போயிருந்தது. தகப்பனார் கார்லோ ஒரு வழக்கறிஞர். தாயார் லெத்தீசியா. பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் மட்டும் எட்டுப் பேர். பேருக்குத்தான் பெரிய குடும்பம். கையில் காசு இல்லை.

அந்நாளில் பிரெஞ்சு மன்னர், வசதியில்லாத பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளை இராணுவப் பள்ளிகளில் இலவசமாகப் படிக்க வைத்தார். மனுப் போட இரண்டு அத்தாட்சிகள் வேண்டும். நான்கு தலைமுறையாகப் பிரபு வம்சம் என்பதற்கு ஒன்று; படிக்க வைக்க வசதி இல்லை என்பதற்கு இன்னொன்று. கார்லோ அலைந்து திரிந்து இரண்டையும் சேர்த்தார். தீவின் ஆளுநர் மார்பேஃபும் உதவி செய்தார். இடம் கிடைத்தது. ஆனால் ஒரு குடியானவன் மகனோ கூலிக்காரன் மகனோ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த இலவச இடத்தைக் கேட்கவே முடியாது. அன்றைய சட்டம் அப்படி.

1778 டிசம்பரில் ஒன்பது வயதுப் பையன் கப்பல் ஏறினான். வீட்டில் பேசியது இத்தாலிய மொழியின் சாயல் கொண்ட கோர்சிகப் பேச்சு. பிரெஞ்சு தெரியாது. ஆகவே, ஓத்தான் என்னும் ஊர்ப் பள்ளியில் மூன்று நான்கு மாதம் பிரெஞ்சு படித்தான். பிறகு 1779 மே மாதம் பிரியேன் இராணுவப் பள்ளியில் சேர்ந்தான்.

அந்தப் பள்ளியைப் பாதிரிமார்கள் நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், முகம் கழுவத் தண்ணீர். விடுமுறைக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடையாது. அவன் பேச்சைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரிச்சாங்க. பேரை வைத்தும் கிண்டல் பண்ணினாங்க. அவன் புத்தகத்தோடு ஒதுங்கினான். கணக்கு, வரலாறு, பூகோளம் மூன்றிலும் முன்னுக்கு வந்தான். இலத்தீனும் ஜெர்மனும் அவனுக்கு ஏறவில்லை. ஒரு குளிர்காலத்தில் பனிக்கட்டியால் கோட்டை கட்டி, பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்துப் போர் விளையாட்டு நடத்தினான் என்று உடன் படித்தவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

1784 அக்டோபரில் பாரீஸ் இராணுவப் பள்ளிக்குத் தேர்வாகிப் போனான். அங்கே நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு. ஆனால் நான்கே மாதத்தில், 1785 பிப்ரவரியில், தகப்பனார் நோயால் காலமானார். பையனுக்கு வயது பதினைந்து. அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும். மற்றவர்கள் இரண்டு மூன்று ஆண்டு படிக்கும் பாடத்தை ஒரே ஆண்டில் முடித்தான். புகழ்பெற்ற கணித மேதை லாப்லாஸ்தான் அவனைப் பரீட்சித்தார். தேறிய 58 பேரில் அவன் பெற்ற இடம் 42. பதினாறு வயதில் பீரங்கிப் படையில் இளநிலை அதிகாரியானான். மறுபடி அவன் கோர்சிகா மண்ணை மிதித்தது 1786-இல். அலைந்து இடம் வாங்கித் தந்த அப்பா அப்போது வீட்டில் இல்லை.

1789-இல் மூண்ட பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. திறமை உள்ளவன் மேலே வர வழி பிறந்தது. பீப்பாய் செய்யும் தொழிலாளியின் மகன் நெய், பின்னாளில் நெப்போலியன் படையில் மார்ஷல் ஆனார். 42-ஆம் இடத்து மாணவனோ 1804-இல் பிரான்சின் பேரரசர் ஆனார்.

ஆனால் அவர் நடத்திய போர்களில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1814 ஜனவரியில், தாம் படித்த பிரியேன் ஊரிலேயே அவர் போரிட வேண்டி வந்தது. ஊர் நாசமானது. 1815-இல் வாட்டர்லூவில் தோற்று, 1821 மே 5-ஆம் நாள் செயின்ட் ஹெலனாத் தீவில் கைதியாக உயிர் விட்டார். பிரியேன் ஊருக்கென்று தம் உயிலில் பணம் எழுதி வைத்திருந்தார். இன்று அந்த ஊர் நகரமன்றத்தின் எதிரே நிற்கும் சிலை பேரரசர் சிலை அல்ல. பள்ளி மாணவன் நெப்போலியனின் சிலை.

பெற்றோர்களே! இன்று பரிசு வாங்காத பிள்ளையை வீட்டில் போய்த் திட்டாதீர்கள். பிறப்புப் பத்திரமோ, உபகாரச் சம்பளப் பாரமோ, காலத்தோடு எடுத்து வையுங்கள். அது உங்கள் வேலை. மாணவமணிகளே! யார் சிரித்தாலும் மொழியைக் கற்று, பாடத்தை முடிப்பது உங்கள் வேலை. படித்து உயர்ந்த பின் அந்தப் படிப்பு நாலு பேருக்கு நன்மை செய்யட்டும்.